"எனக்கு" எங்கே போகும்? ஈஸி டு, ஹாப்பி டு, ரெடி டு பேசப் பழகும் வேலூர்க்காரர்களுக்கு

காட்பாடி ஸ்டேஷன் ஆட்டோ ஸ்டாண்டிலும், சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ் கவுண்டர்களிலும், ஆற்காடு ரோட்டு மருந்துக் கடைகளிலும், ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் கம்பெனி ஆபீஸ்களிலும் அன்றாடம் தேவைப்படுகிற இங்கிலீஷ் கொஞ்சம்தான். வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்தவரிடம் "நடந்தே போயிடலாம், சுலபம்" என்று சொல்ல வேண்டும். "கிளம்ப ரெடியா?" என்று கேட்க வேண்டும். "இந்த வெயில்ல நடக்க முடியாது, ஆட்டோ வெச்சுக்கோங்க" என்று எச்சரிக்க வேண்டும். "கேட்கவே வருத்தமா இருக்கு" என்று ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

இந்த நான்கும் இங்கிலீஷில் ஒரே அச்சில் வார்த்தவை. முதலில் ஒரு பெயரடை, பள்ளியில் அட்ஜெக்டிவ் என்று படித்தது. அடுத்து "டு". அடுத்து ஒரு வினை. ஈஸி டு வாக். ரெடி டு லீவ். டூ ஹாட் டு வாக். சாரி டு ஹியர். இந்த அச்சு கைக்கு வந்துவிட்டால் ஒரு நாளில் பேச வேண்டியதில் பெரும்பங்கு வந்துவிடும்.

படிப்பதற்கு முன் ஒரு ஏற்பாடு. இங்கிலீஷ் வாக்கியங்களை வாயில் வர வேண்டிய விதத்திலேயே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். குறில் "டு" என்றால் வினைக்கு முன்னால் வரும் டு. ஸ்பெல்லிங்கில் டி, ஓ என்று இரண்டே எழுத்து. நெடில் "டூ" என்றால் அளவுக்கு மீறி என்ற பொருள் தரும் சொல். அதில் ஓ இரண்டு முறை வரும். கடிதத்திலும் வாட்ஸ்அப்பிலும் இந்த ஒரு எழுத்துக் குறைந்தால் பொருளே மாறும்.

முதல் படி: தலைகீழாகப் போடுங்கள்

இந்த அமைப்பு நமக்குப் புதிதில்லை. "கேட்க இனிமை", "ஏறக் கஷ்டம்", "சொல்ல வெட்கம்", "கற்றுக்கொள்ளச் சுலபம்" என்று நாள் முழுக்கப் பேசுகிறோம். கேட்க, ஏற, சொல்ல என்று வருவதைத் தமிழ் இலக்கணம் "செய என்னும் வாய்பாட்டு வினையெச்சம்" என்கிறது. இங்கிலீஷில் அந்த இடத்தில் நிற்பதுதான் "டு" போட்ட வினை, அதாவது இன்ஃபினிட்டிவ். வரிசை மட்டும் நேர் எதிர். நமக்கு வினை முன்னால், குணம் பின்னால். அவர்களுக்குக் குணம் முன்னால், வினை பின்னால்.

கேட்க இனிமை: ஸ்வீட் டு ஹியர்.
ஏறக் கஷ்டம்: டிஃபிகல்ட் டு கிளைம்ப்.
கற்றுக்கொள்ளச் சுலபம்: ஈஸி டு லேர்ன்.
கேட்கப் பயம்: அஃப்ரெய்ட் டு ஆஸ்க்.
கிளம்ப ரெடி: ரெடி டு லீவ்.

"டு"வுக்குப் பின்னால் வரும் வினைக்கு எந்த ஒட்டும் சேராது. "ஹாப்பி டு மீட் யூ" சரி. "ஹாப்பி டு மெட் யூ", "ஹாப்பி டு மீட்டிங் யூ" இரண்டும் தவறு. நேற்று நடந்ததாயிற்றே, "மெட்" வர வேண்டாமா என்று தோன்றும். காலம் காட்டும் வேலை முன்னால் நிற்கும் இஸ், வாஸ் பார்த்துக்கொள்கிறது: "ஐ வாஸ் ஹாப்பி டு மீட் யூ". ஒரே வாக்கியத்தில் இரண்டு இடத்தில் காலம் காட்ட வேண்டியதில்லை. தமிழிலும் அப்படித்தானே: "பார்க்க சந்தோஷமா இருந்தது" என்கிறோம், "பார்த்த சந்தோஷமா இருந்தது" என்பதில்லை.

இரண்டாம் படி: "கீது" எங்கே என்று தேடுங்கள்

"ஐ ஹாப்பி டு சீ யூ", "திஸ் ரூட் ஈஸி டு கோ" என்று பலர் பேசுவதில் ஒரு சொல் காணாமல் போயிருக்கும். ஆம், இஸ், ஆர் ஆகியவற்றில் ஒன்று. எழுத்துத் தமிழில் "எனக்கு மகிழ்ச்சி" என்று சொன்னாலே வாக்கியம் முடிந்துவிடுவதால் அந்தப் பழக்கம் இங்கிலீஷிலும் வந்துவிடுகிறது.

நம் வட ஆற்காட்டுப் பேச்சில் இதற்கு மருந்து இருக்கிறது. வீட்டில் பேசுகிற மாதிரி ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். "மலை ஏறக் கஷ்டமா கீது." "கிளம்ப ரெடியா கீறேன்." "பசங்க சாப்பிட ரெடியா கீறாங்க." கீறேன் வந்தால் "ஆம்". ஒன்றையோ ஒருவரையோ குறித்துக் கீது, கீறான், கீறாரு வந்தால் "இஸ்". பலரைக் குறித்துக் கீறாங்க வந்தால் "ஆர்". நமக்கு இது வாக்கியத்தின் கடைசியில் நிற்கும். இங்கிலீஷில் பெயரடைக்கு முன்னால் போய் உட்காரும். ஐ ஆம் ரெடி டு லீவ். தி சில்ட்ரன் ஆர் ரெடி டு ஈட்.

இதில் ஒரு இடறல் உண்டு. மரியாதைக்காக ஒரே டாக்டரம்மாவை "ரெடியா கீறாங்க" என்போம். அதை அப்படியே கொண்டுபோய் "மேடம் ஆர் ரெடி டு சீ யூ" என்று சொல்லிவிடுகிறார்கள். பேச்சில் வரும் மூன்றாமவர் ஒரே ஆள் என்றால் எவ்வளவு மரியாதைக்குரியவரானாலும் "இஸ்"தான்: "தி டாக்டர் இஸ் ரெடி டு சீ யூ". மரியாதையை சார், மேடம், ப்ளீஸ் தாங்கிக்கொள்ளும்.

மூன்றாம் படி: "எனக்கு" எந்தப் பக்கம் போகும்?

முழு விஷயத்திலும் அதிகம் தப்பு நடக்கிற இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

தமிழில் "எனக்கு" என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. "எனக்குக் கேட்கப் பயம்." "எனக்கு ஏறக் கஷ்டம்." நம் காதுக்கு இரண்டும் ஒரே மாதிரி. இங்கிலீஷில் இவை இரண்டு வேறு வாக்கியங்கள்.

பயம் எங்கே இருக்கிறது? என் மனசில். மனசுக்குள் இருக்கும் குணமானால் "எனக்கு" என்பது "ஐ" ஆகி முன்னால் நிற்கும்: "ஐ ஆம் அஃப்ரெய்ட் டு ஆஸ்க்". சந்தோஷம், வருத்தம், வெட்கம், ஆச்சரியம், பெருமை, ஆர்வம், தயக்கம் எல்லாம் இந்தக் கட்சி. ஹாப்பி, க்ளாட், சாரி, அஷேம்ட், சர்ப்ரைஸ்ட், ப்ரவுட், ஈகர், ரிலக்டன்ட். விருப்பம், தயார்நிலை, திறமை ஆகியவையும் இங்கேதான்: வில்லிங், ரெடி, ஏபிள்.

கஷ்டம் எங்கே இருக்கிறது? மலை ஏறுகிற வேலையில். வேலையின் குணமானால் "எனக்கு" என்பது "ஃபார் மீ" ஆகி நடுவில் போய்விடும். முன்னால் "இட்" என்ற சொல் வந்து நிற்கும்: "இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ டு கிளைம்ப்". ஈஸி, ஹார்ட், டிஃபிகல்ட், இம்பார்ட்டன்ட், நெசசரி, டேஞ்சரஸ், சேஃப், பாசிபிள், இம்பாசிபிள் எல்லாம் இந்தக் கட்சி.

கட்சி மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? "ஐ ஆம் டிஃபிகல்ட் டு கிளைம்ப்" என்கிறோம். கேட்பவர் காதில் விழுவது "என் மேல் ஏறுவது கஷ்டம்" என்று. மலை இருக்க வேண்டிய இடத்தில் நாம் போய் நின்றுகொண்டோம். "ஐ ஆம் ஈஸி டு கம் டுமாரோ" என்பதும் இதே ரகம். எதிரில் இருப்பவர் புரிந்துகொண்டு தலையாட்டிவிடுவார், திருத்த மாட்டார். அதனால்தான் இந்தத் தப்பு வருஷக்கணக்கில் வாயிலேயே தங்கிவிடுகிறது.

"ஐ ஆம் பாசிபிள் டு கம்" இன்னும் மோசம். பாசிபிள், நெசசரி ஆகிய இரண்டும் இந்த டு அமைப்பில் ஆளை முன்னால் நிறுத்தாது. "இட் இஸ் பாசிபிள் ஃபார் மீ டு கம்" என்று சுற்றிச் சொல்லலாம்; பேச்சில் "ஐ கேன் கம்" போதும், அதுவே இயல்பு.

"ஃபார்" இருக்க வேண்டிய இடத்தில் "டு" போட்டு "டிஃபிகல்ட் டு மீ டு கிளைம்ப்" என்பவர்கள் உண்டு. நம் "-க்கு" என்பதை "டு" என்று மனப்பாடம் செய்ததன் விளைவு. இந்த அமைப்பில் ஆளுக்கு ஃபார், வினைக்கு டு. ஃபாருக்குப் பின் ஐ, ஹீ, ஷீ, வீ, தே வராது. மீ, ஹிம், ஹெர், அஸ், தெம்தான் வரும்.

"இட்" எதைக் குறிக்கிறது என்ற கேள்வி எழும். எதையும் குறிக்கவில்லை. பஸ்ஸில் சீட் பிடிக்கப் போடுகிற துண்டு மாதிரி, முன்னால் எழுவாய் இருந்தாக வேண்டிய மொழியில் இடத்தைப் பிடித்து வைக்கிற சொல். "ஏறுவது" என்ற உண்மையான எழுவாய் "டு கிளைம்ப்" என்று பின்னால் வந்துகொண்டிருக்கிறது. தமிழில் இப்படி ஒரு துண்டு தேவைப்படாததால் நாம் அதை விட்டுவிட்டு "இஸ் டிஃபிகல்ட் டு கிளைம்ப்" என்று தொடங்கிவிடுகிறோம். யாருக்கு என்று சொல்லாமலே விளங்கும்போது "ஃபார் மீ"யை விடலாம், "இட்"டை விடக்கூடாது.

நான்காம் படி: பொருளை முன்னால் கொண்டுவருவது

"கோட்டைக்குப் போவது சுலபம்" என்றும் சொல்கிறோம், "கோட்டை, போகச் சுலபம்" என்றும் சொல்கிறோம். இங்கிலீஷிலும் இரண்டும் உண்டு.

இட் இஸ் ஈஸி டு ரீச் தி ஃபோர்ட்.
தி ஃபோர்ட் இஸ் ஈஸி டு ரீச்.

விருந்தாளி கோட்டையைப் பற்றிக் கேட்டால் இரண்டாவதுதான் காதுக்கு நன்றாக இருக்கும்; எதைப் பற்றிப் பேச்சோ அது முதலில் வந்துவிடுகிறது. ஆனால் கோட்டை முன்னால் வந்துவிட்டதால் அதன் பழைய இடம் காலியாகவே இருக்க வேண்டும். "தி ஃபோர்ட் இஸ் ஈஸி டு ரீச் இட்" என்று சொன்னால் கோட்டையை இரண்டு முறை சொன்னதாகிறது. "இந்தப் பெட்டி தூக்கக் கஷ்டம்" என்று சொல்லும்போது "இந்தப் பெட்டி அதைத் தூக்கக் கஷ்டம்" என்று யாரும் சொல்வதில்லை. அதே காதை இங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள்.

காலி இடத்துக்குப் பக்கத்தில் ஆன், இன், டு, அட், வித் போன்ற சிறு சொல் இருந்தால் அது வாக்கியத்தின் கடைசியில் தனியாக நிற்கும். இதைத்தான் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறோம்.

தி பெஞ்ச் இஸ் கம்ஃபர்டபிள் டு சிட் ஆன்.
திஸ் லாட்ஜ் இஸ் சேஃப் டு ஸ்டே இன்.
தி டாக்டர் இஸ் ஈஸி டு டாக் டு.
ஸ்ரீபுரம் இஸ் ஈஸி டு கெட் டு.

எந்தச் சிறு சொல் வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சாதாரண வாக்கியத்தை முதலில் சொல்லுங்கள்: "சிட் ஆன் தி பெஞ்ச்". பெஞ்சைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். மிச்சம் "சிட் ஆன்". அதை அப்படியே வையுங்கள். "ரீச் தி ஃபோர்ட்" என்பதில் நடுவில் எதுவும் இல்லை, அதனால் கடைசியில் எதுவும் வராது. "கெட் டு ஸ்ரீபுரம்" என்பதில் ஒரு டு இருக்கிறது, அதனால் கடைசியில் ஒரு டு. பெருமுகைக்கோ திருவலத்துக்கோ வழி சொன்னாலும் இதே கணக்குதான்.

தோல் சரக்கு பற்றி மெயில் எழுதுகிறவர்கள் "திஸ் லெதர் இஸ் ஈஸி டு பி கட்", "ஈஸி டு பி க்ளீன்ட்" என்று எழுதுவதைப் பார்க்கலாம். தோல் தானே வெட்டாது, வெட்டப்படுகிறது, ஆகவே "பி" வேண்டும் என்ற நினைப்பு. ஈஸி, ஹார்ட் வகைக்குப் பின்னால் அது தேவையில்லை. "ஈஸி டு கட்", "ஈஸி டு க்ளீன்" போதும். வெட்டுவது வேறு யாரோ என்பது அந்த அமைப்பிலேயே அடங்கிவிட்டது.

இரண்டு கட்சிக்கும் போகக்கூடிய பெயரடை ஒன்று இருக்கிறது: ரெடி. "தி பிரியாணி இஸ் ரெடி டு ஈட்" என்றால் பிரியாணியை நாம் சாப்பிடலாம். "தி கெஸ்ட்ஸ் ஆர் ரெடி டு ஈட்" என்றால் விருந்தாளிகள் சாப்பிடப் போகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வாக்கியம் ஒன்றே. உள்ளே சாப்பிடுகிறவர் வேறு. மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1960களில் "ஜான் இஸ் ஈகர் டு ப்ளீஸ்", "ஜான் இஸ் ஈஸி டு ப்ளீஸ்" என்ற ஜோடியைக் காட்டி விளக்கியது இந்த வேறுபாட்டைத்தான். முதலாவதில் ஜான் பிறரைத் திருப்திப்படுத்தத் துடிக்கிறான். இரண்டாவதில் ஜானைத் திருப்திப்படுத்துவது மற்றவர்களுக்குச் சுலபம். நாம் மூன்றாம் படியில் பார்த்த இரண்டு கட்சிகள்தான் இவை.

ஐந்தாம் படி: ஆளின் நடத்தையைப் பாராட்டும்போது "ஆஃப்"

"நீங்க வெயிட் பண்ணினது நல்ல மனசு" என்று சொல்ல: "இட் இஸ் கைண்ட் ஆஃப் யூ டு வெயிட்". இங்கே ஃபார் வராது. கைண்ட், நைஸ், குட், ஜெனரஸ், ரூட், சில்லி, கேர்லெஸ் போன்றவை செயலைச் சொல்வதுபோல் சொல்லி, செய்த ஆளின் குணத்தைச் சொல்கின்றன. அதனால் "ஆஃப்".

குட் என்ற சொல் இரண்டு பக்கமும் வரும். "இட் இஸ் குட் ஃபார் யூ டு வாக் எவ்ரி டே" என்றால் தினம் நடப்பது உங்கள் உடம்புக்கு நல்லது. "இட் வாஸ் குட் ஆஃப் யூ டு கம்" என்றால் நீங்கள் வந்தது உங்கள் நல்ல மனசு. பிசியோதெரபியில் வேலை செய்பவருக்கு முதலாவது வேண்டும். வரவேற்பில் நிற்பவருக்கு இரண்டாவது வேண்டும்.

திட்டும் சொற்களை இந்த அமைப்பில் எதிரில் இருப்பவர்மேல் போடாதீர்கள். "இட் வாஸ் கேர்லெஸ் ஆஃப் யூ டு லீவ் தி ஃபைல்" என்பது தமிழில் "பொறுப்பில்லையா உங்களுக்கு" என்று முகத்துக்கு நேரே கேட்பதற்குச் சமம்.

ஆறாம் படி: டூ, இனஃப்

கத்திரி வெயிலில் மத்தியானம் கோட்டைக்கு நடக்கக் கிளம்புகிறவரிடம் சொல்ல வேண்டியது: "இட் இஸ் டூ ஹாட் டு வாக், சார்." நடக்க முடியாத அளவுக்கு வெயில் என்று பொருள். "முடியாது" என்பது அந்த "டூ"வுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. "டூ ஹாட் நாட் டு வாக்" என்று நாட்டையும் சேர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். "ஸோ ஹாட் டு வாக்" என்பதும் சரியில்லை. ஸோ போட்டால் பள்ளியில் மாற்றி எழுதிய மாதிரி "ஸோ ஹாட் தட் யூ கேனாட் வாக்" என்று முழுதாகப் போக வேண்டும்.

கோட்டை அகழியைக் காட்டிச் சொல்லிப் பாருங்கள்: "தி மோட் இஸ் டூ வைட் டு ஜம்ப் அக்ராஸ்." தாண்ட முடியாத அகலம். நான்காம் படியில் சொன்ன மாதிரி அகழி முன்னால் வந்ததால் "அக்ராஸ்" கடைசியில் தனியாக நிற்கிறது, "இட்" வரவில்லை. இந்த ஒரு வாக்கியம் தடங்கலில்லாமல் வந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

நம் பக்கம் ருசியாக இருந்தால் "டூ டேஸ்டி" என்று புகழ்வது வழக்கமாகிவிட்டது. நமக்குள் பிரச்சினையில்லை. வெளிநாட்டவர் காதில் அது "அளவுக்கு மீறிப் போச்சு" என்ற குறையாக விழலாம், அடுத்து ஒரு "டு" வரும் என்று காத்திருப்பார். ஆற்காடு மக்கன் பேடாவைக் கொடுத்துவிட்டு "வெரி டேஸ்டி" என்றே சொல்லுங்கள். "டூ ஸ்வீட்" என்றால் தித்திப்பு அதிகம் என்று தட்டை நகர்த்திவிடுவார்.

இனஃப் பெயரடைக்குப் பின்னால்தான் நிற்கும். "ஓல்ட் இனஃப் டு வோட்": 18 வயது ஆகிவிட்டது, ஓட்டுப் போடலாம். "இனஃப் ஓல்ட்" தவறு. பெயர்ச்சொல் வந்தால் மட்டும் முன்னால்: "இனஃப் மணி டு பே".

சின்னச் சின்ன சேர்மானங்கள்

"வேண்டாம்" என்று சொல்ல நாட் என்பது டுவுக்கு முன்னால் வரும்: "பி கேர்ஃபுல் நாட் டு ஸ்லிப்". மழைக்காலத்தில் படிக்கட்டில் நின்று சொல்ல வேண்டிய வாக்கியம்.

முதல், கடைசி என்பவற்றுக்கும் இதே அச்சு: "ஷீ வாஸ் தி ஃபர்ஸ்ட் டு கம் அண்ட் தி லாஸ்ட் டு லீவ்". கோட்டையைச் சுற்றிக்காட்டுகிறவர்கள் 1806 ஜூலை 10ஆம் தேதி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராக நடந்த சிப்பாய்ப் புரட்சியைச் சொல்ல இது உதவும்: "தி சோல்ஜர்ஸ் ஹியர் வேர் அமங் தி ஃபர்ஸ்ட் டு ரைஸ் அகெய்ன்ஸ்ட் தி கம்பெனி". 1857க்கு அரை நூற்றாண்டு முன்னால் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் முறை பார்க்கும்போது "நைஸ் டு மீட் யூ". பேசி முடித்துப் பிரியும்போது "நைஸ் மீட்டிங் யூ" அல்லது "நைஸ் டு ஹேவ் மெட் யூ". ஏற்கெனவே பழக்கமானவரை மறுபடி பார்த்தால் மீட் வராது: "நைஸ் டு சீ யூ அகெய்ன்".

"தி ட்ரெயின் இஸ் லைக்லி டு பி லேட்": ரயில் தாமதமாகலாம். "ஹீ இஸ் ஷ்யூர் டு கம்" என்பதில் நிச்சயம் அவருக்கு இல்லை, சொல்கிற நமக்கு. அவர் கண்டிப்பாக வருவார் என்று நாம் உறுதி சொல்கிறோம்.

"டு" ஒட்டாத பெயரடைகள்

எல்லாப் பெயரடைக்கும் டு ஒட்டாது. தமிழில் பெரும்பாலானவற்றுக்கு "செய்ய" என்றே வருவதால் இந்தக் கூட்டத்தைத் தனியாக நெட்டுருப் போட்டே ஆக வேண்டும். இதற்குக் குறுக்கு வழி இல்லை.

இன்டர்வியூவில் அடிக்கடி கேட்பது "ஐ ஆம் இன்டரஸ்டட் டு ஜாயின்". சரியானது "ஐ ஆம் இன்டரஸ்டட் இன் ஜாயினிங்". ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ளும் ஆவல் என்றால் மட்டும் "இன்டரஸ்டட் டு நோ", "இன்டரஸ்டட் டு ஹியர்" வரும்.

கேபபிள் வந்தால் "ஆஃப்" சேர்த்து "கேபபிள் ஆஃப் ஹேண்ட்லிங்". அதே பொருளுள்ள ஏபிள் என்றால் "ஏபிள் டு ஹேண்டில்". குட் என்பதைத் திறமைப் பொருளில் சொன்னால் "குட் அட் குக்கிங்". பிஸிக்குப் பின்னால் எதுவுமே இல்லாமல் நேரே "பிஸி குக்கிங்". "தி ஃபோர்ட் இஸ் வொர்த் சீயிங்": பார்க்கத் தகுந்த கோட்டை, "வொர்த் டு சீ" இல்லை.

அஃப்ரெய்ட் இரண்டு விதமாக வரும். "அஃப்ரெய்ட் டு க்ராஸ் தி ரோடு" என்றால் பயத்தால் ரோட்டைக் கடக்கத் தயங்குகிறார். "அஃப்ரெய்ட் ஆஃப் ஃபாலிங்" என்றால் விழுந்துவிடுவோமோ என்ற பயம். விழுவது அவர் விரும்பிச் செய்யும் வேலை இல்லை. தானே செய்யும் காரியத்துக்குத் தயக்கமானால் டு. தன் கையில் இல்லாதது நடந்துவிடுமோ என்ற பயமானால் ஆஃப். ஆபரேஷனுக்கு முந்தின நாள் நோயாளியிடம் பேசும் நர்ஸுக்கு இந்த வேறுபாடு மிகவும் தேவை.

யூஸ்ட் டு என்பதில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். "ஐ ஆம் யூஸ்ட் டு ஒர்க்கிங் இன் திஸ் ஹீட்": இந்த வெயிலில் வேலை செய்து எனக்குப் பழக்கம். இங்கே இருக்கும் டு நம் வினை டு இல்லை. ஆன், இன் மாதிரியான சிறு சொல். அதனால்தான் பின்னால் "இங்" வருகிறது. "ஆம்" இல்லாமல் "ஐ யூஸ்ட் டு ஒர்க் இன் ராணிப்பேட்" என்றால் முன்பு அங்கே வேலை செய்துகொண்டிருந்தேன், இப்போது இல்லை. காதுக்கு யூஸ்ட் டு இரண்டிலும் ஒன்றுபோலவே விழும். முன்னால் ஆம், இஸ், ஆர் இருந்தால் பின்னால் இங். இல்லையென்றால் வெறும் வினை.

வாயில் வரும் விதம்

டுவை நீட்டாதீர்கள், அழுத்தாதீர்கள். மெய்யொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் அது கிட்டத்தட்ட "ட" என்று தேய்ந்துவிடும்: ஈஸி-ட-ரீச். அழுத்தம் ஈஸியிலும் ரீச்சிலும் விழட்டும். நீட்டி "ஈஸி டூ ரீச்" என்றால் கேட்பவருக்கு டூ என்ற இன்னொரு சொல்லா என்று ஒரு நொடி குழப்பம் வரும். உயிரொலிக்கு முன்னால் "டு" தெளிவாக வந்து நடுவில் ஒரு வகரம் எட்டிப் பார்க்கும்: "ரெடி டுவீட்". நம் உடம்படுமெய் மாதிரியேதான்.

ஒரு வாரப் பழக்கத்துக்கு

தினம் ஐந்து பெயரடை போதும். ஒவ்வொன்றையும் எந்தக் கட்சி என்று முடிவு செய்து, அன்று நீங்கள் உண்மையில் பேசப்போகும் இரண்டு வாக்கியங்களில் வைத்து, சத்தமாக மூன்று முறை சொல்லுங்கள். மனசுக்குள் சொன்னால் வாய்க்கு வராது. ஒரு வாரத்தில் முப்பத்தைந்து பெயரடை ஆகிவிடும். கவுண்டர் வேலைக்கு அது தாராளம்.

கீழே உள்ளவற்றைப் பதிலைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள்.

அம்மாவுக்குப் படி ஏறக் கஷ்டம்.
இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மை மதர் டு கிளைம்ப் தி ஸ்டெப்ஸ்.

இந்தக் கட்டில் படுக்க வசதி.
திஸ் காட் இஸ் கம்ஃபர்டபிள் டு ஸ்லீப் ஆன்.

டீ குடிக்க முடியாத சூடு.
தி டீ இஸ் டூ ஹாட் டு டிரிங்க்.

எனக்குச் சொல்ல வருத்தமா இருக்கு, ரூம் காலியில்லை.
ஐ ஆம் சாரி டு சே வீ ஹேவ் நோ ரூம்ஸ்.

நீங்க போன் பண்ணிச் சொன்னது நல்ல மனசு.
இட் வாஸ் குட் ஆஃப் யூ டு கால்.

நீங்க பேசறது எனக்குப் புரிஞ்சிக்கக் கஷ்டமா இருக்கு.

கடைசி வாக்கியத்துக்கு இலக்கணப்படி இரண்டு விடை உண்டு. "யூ ஆர் டிஃபிகல்ட் டு அண்டர்ஸ்டாண்ட்" என்பதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் யூ முன்னால் வந்துவிட்டதால் குற்றம் அவர்மேல் போய் விழுகிறது, உடம்பு முடியாமல் ஊர் தாண்டி வந்தவருக்கு முகம் சுருங்கும். "சாரி, இட் இஸ் ஹார்ட் ஃபார் மீ டு ஃபாலோ. ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி" என்று சொல்லுங்கள். கஷ்டம் நம் பக்கம் வந்துவிடும், அவரும் நிதானமாகத் திரும்பச் சொல்வார்.